தேய்ந்த காசின் முகம்

சுன்னாகத்தை அடுத்துள்ள கந்தரோடையை அறியாதவர் குடாநாட்டிலே குறைவு. முருகைக்கல்லாலான சிறு தூபிகள் கூட்டமாக நிற்கும் அந்த மண்ணில், 1917ஆம் ஆண்டையொட்டி போல் பீரிஸ் ஆய்வு நடத்தினார். முத்திரை குத்திய பழைய இந்திய நாணயங்களும், இலட்சுமி உருவம் பொறித்த நாணயங்களும் அங்கே கிடைத்தன. அவற்றோடு உரோமக் காசுகளும் கிடைத்தன. உரோமாபுரி எங்கே, கந்தரோடை எங்கே?

உரோமக் காசு என்றதும் பொற்காசை நினைத்துவிட வேண்டாம். இலங்கையிற் கிடைப்பவற்றிற் பெரும்பாலானவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் செப்புச் சில்லறைகளே. விரல் நகத்தளவானவை, பல மூன்று கிராம் நிறைகூட இல்லாதவை. கைமாறிக் கைமாறி எழுத்தழிந்து போனவை. இப்படி முகமிழந்த காசை எவ்வாறு இனங்காண்பது?

அரசன் பெயரை முதலிலே தேடுவதிற் பயனில்லை. அது விளிம்பில் இருப்பதால் எளிதில் அழிந்துவிடும். காசைச் சற்றுச் சாய்த்து, ஒரு பக்கத்திலிருந்து ஒளி விழச் செய்ய வேண்டும். அப்போது மேடுபள்ளங்கள் நிழலாகத் தெரியும். பின்புறத்தைப் பாருங்கள். இரு போர்வீரரும் நடுவே படைக்கொடியும் தெரிந்தால், அது 330க்கும் 341க்கும் இடைப்பட்டது. கொன்ஸ்தந்தீன் மன்னனதோ அவன் மைந்தரதோ ஆகும். கொடி இரண்டாயின் முந்தியது. ஒன்றாயின் 335ஐ ஒட்டியோ அதன் பின்னரோ வந்தது. குதிரையோடு சரியும் பகைவனை வீரனொருவன் ஈட்டியாற் குத்தினால், அது 348இல் தொடங்கிய வகை. வெற்றித்தேவதை கைதியை இழுத்துச் சென்றால், 388க்குப் பிந்தியது. எழுத்து ஒன்றுகூட இல்லாமலே காலம் தெரிந்துவிடுகிறது.

எழுத்துக்கள் பொருளற்ற கீறல்களாக இருந்தால், அது இங்கேயே அடிக்கப்பட்ட காசாகவும் இருக்கலாம். சில்லறைத் தேவைக்காக உரோமக் காசைப் பார்த்து இலங்கையிலும் காசு அடித்தார்கள். அதுவும் வரலாறுதான்.

நம்மவரிடம் ஒரு பழக்கம் உண்டு. பழஞ்செம்பைக் கண்டால் குத்துவிளக்கைப் போலப் புளியிட்டு விளக்குவார்கள். காசு பளபளக்கும், ஆனால் பச்சைக் களிம்போடு, எஞ்சியிருந்த உருவமும் போய்விடும். ஆயிரத்தறுநூறு ஆண்டுகள் அழிக்காததை ஒரு பிடி புளி அழித்துவிடும்.

இன்று கணினிவழிச் சந்தையில் இத்தகைய தேய்ந்த காசுகளை மலிவாக வாங்கலாம். முயன்றால் அரசன் பெயரையும் கண்டுபிடிக்கலாம். ஆனால் அது எந்த மண்ணிற் கிடந்தது என்பதைக் காசு சொல்லாது. கந்தரோடை மண்ணில், எந்த ஆழத்தில், எந்த மட்பாண்டத்தோடு கிடந்தது என்று தெரிந்த காசுதான் எங்கள் கடல் வாணிபத்துக்குச் சாட்சி சொல்லும். இடமறியாத காசு உரோமாபுரியின் கதையை மட்டுமே சொல்லும்.

எனவே நேயர்களே, தோட்டங் கொத்தும்போது பச்சை படிந்த சிறு வட்டம் ஒன்று அகப்பட்டால் அதைத் தேய்க்காதீர்கள், விற்காதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்து வைத்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் கேட்பதும் அதுவே. தேய்ந்த காசுக்கு முகம் மீளாமற் போனாலும், ஊராவது மிஞ்சட்டும்.