மாசப் பணம் இல்லாத டி.வி! 'ஃப்ரீ டிஷ்' வந்த கதை

மாசா மாசம் கேபிளுக்குப் பணம் கட்டி கையைக் கடிக்குதா? சந்தாவே கேட்காத அரசு டி.வி. சேவை ஒன்று இருக்கிறது. அதுதான் 'டிடி ஃப்ரீ டிஷ்'.

2004 டிசம்பர் 16-ந் தேதி பிரதமர் மன்மோகன்சிங் டெல்லியில் இதைத் தொடங்கி வைத்தார். அப்போது பெயர் 'டிடி டைரக்ட் பிளஸ்'. மொத்தம் 33 டி.வி. சேனல்கள்.

தூர்தர்ஷன் டவர் எட்டாத ஊர்களுக்கும் படம் போய்ச்சேர வேண்டும் என்பதே நோக்கம். டிஷ், செட்டாப் பாக்ஸ் ஒருமுறை வாங்கி மாட்டினா போதும். ரீசார்ஜ் கிடையாது.

அப்புறம் எப்படிக் கட்டுப்படியாகும்? தனியார் சேனல்களுக்கான இடத்தை பிரசார் பாரதி ஏலம் விடுகிறது. அந்தப் பணம்தான் வருமானம்.

இதில் ஒரு சிக்கல். தனியார் சேனல் இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. ஸ்டார், ஜீ, சோனி நிறுவனங்களின் இந்தி சேனல்கள் 2019 மார்ச்சில் விலகின. 2020-ல் திரும்பின. 2022 ஏப்ரலில் மறுபடியும் போய்விட்டன.

நம்ம பொதிகை அப்படி இல்லை, நிலையாக இருக்கிறது. 2024 ஜனவரி 19-ந் தேதி அதற்கு 'டிடி தமிழ்' என்று பெயர் மாறியது.

ஆனால் இதில் இந்தி சேனல்கள்தான் அதிகம். தமிழ் சீரியலுக்காக வாங்குறவங்க, என்னென்ன சேனல் தெரியும்னு கடையில் கேட்டுட்டு காசை எடுங்க!