உண்டைவில் முதல் மாதிரித் துப்பாக்கி வரை

கொடைக்கானல் ஏரிக்கரையில் காற்றுத் துப்பாக்கியால் பலூன் சுட்டு மகிழாத பிள்ளைகள் குறைவு. அந்தத் துப்பாக்கி இலேசானது. அதைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. ஆனால் கோடை விடுமுறையில் நண்பர் ஒருவரின் மலைத்தோட்ட வீட்டில் தங்கியிருந்தபோது, அவருடைய மகன் நீண்ட உறையிலிருந்து எடுத்து நம் கையில் தந்த பொருள் வேறு வகையானது. நாம் எதிர்பாராத கனம். கை சற்றே தாழ்ந்தது. இரண்டு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாய்கள் சுமந்த லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் அச்சு அசலான வடிவம். மரக்கட்டையும் இரும்பும் சேர்ந்து ஏறத்தாழ 4 கிலோ. சுடுவதோ 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு. அதன் எடை 0.2 கிராம். எறியப்படும் பொருளைக் காட்டிலும் எறியும் கருவி இருபதாயிரம் மடங்கு கனம்! இதனை ‘ஏர்சாஃப்ட்’ என்கிறார்கள். துப்பாக்கிச் சட்டம் மிகக் கடுமையான ஜப்பானில் 1970களில் தோன்றிய விளையாட்டு இது. உண்மையான துப்பாக்கியை வைத்திருக்க முடியாதவர்கள் அதன் உருவத்தையும் கனத்தையும் மட்டுமாவது கையில் ஏந்த விரும்பியதன் விளைவு.

மறுநாள் காலை, சரிவில் தகர டப்பாக்களை வைத்துச் சுடலாம் என்று பையன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டான். நாமும் உடன் நடந்தோம். எதிரே விறகுக்கட்டுடன் வந்த இரு பெண்கள் நம்மைக் கண்டதும் நின்றார்கள். பிறகு ஒன்றும் பேசாமல் வேறு தடத்தில் இறங்கிவிட்டார்கள். சற்றுத் தொலைவில் பூண்டு வயலில் நின்ற பெரியவர் ஒருவர் கேட்டார்: “தம்பி, பர்மிட்டு இருக்கா?” பொம்மைதான் ஐயா என்று விளக்கினோம். “பொம்மைன்னு உங்களுக்குத் தெரியும். பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்?” என்றார் அவர். நாம் திரும்பிவிட்டோம். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு நிற்பதாக நமக்குத் தோன்றியது. இக்கட்டுரை அதைத் தேடிய முயற்சி.

பழனியின் பழம்பெயர் பொதினி என்பதை வாசகர்கள் அறிவார்கள். நெடுவேள் ஆவியின் ஊரான அது அகநானூற்றின் முதற்பாட்டிலேயே இடம்பெறுகிறது. அங்கே மாமூலனார் காட்டும் உவமை சாணைக்கல். அரக்கோடு சேர்த்து இறுக்கப்பட்ட கல்லைப்போல் பிரியோம் என்று தலைவன் சொன்ன சொல்லைத் தலைவி நினைக்கிறாள். ஆயுதத்தைக் கூராக்கும் கல்லே காதலின் பிணைப்புக்கு உவமையாகும் அளவுக்கு, ஆயுதம் இம்மலையடிவாரத்தில் அன்றாடப் பொருளாக இருந்திருக்கிறது. குறிஞ்சித்திணைப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண்களின் கையில் தழலும் தட்டையும் கவணும் இருக்கும். கிளியை ஓட்டக் கல் எறியும் அந்தக் கவணுக்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

குண்டு எறியும் விளையாட்டுக் கருவியும் தமிழுக்குப் புதிதன்று. களிமண் உருண்டையை எய்யும் உண்டைவில்லை நம்மாழ்வார் பாடுகிறார். கூனியின் முதுகில் இராமன் சிறுவனாக எய்த உண்டையைக் கம்பர் மறக்கவில்லை. பட்டாபிடேகச் செய்தி கேட்ட மந்தரையின் நெஞ்சில் அந்தப் பழைய வடு எரிகிறது. எய்த பிள்ளைக்கு அது விளையாட்டு. பட்டவளுக்கு அது விளையாட்டன்று. பூண்டு வயல் பெரியவர் சொன்னதும் இதைத்தான்.

இனி மலையடிவாரத்து விருப்பாட்சிக்கு வருவோம். இன்று மலைவாழைப்பழத்தால் அறியப்படும் இவ்வூர், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு பாளையத்தின் தலைமையிடம். அதன் பாளையக்காரரான கோபால நாயக்கர், வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்தவர். கும்பெனிக்கு எதிராகத் திண்டுக்கல் கூட்டணியை முன்னின்று நடத்தியவர். 1801இல் அவர் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். இதன் பின்னர் நடந்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிக்கை வெளியிட்டார். தென்பாளையங்களில் துப்பாக்கியும் ஈட்டியும் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது, கோட்டைகள் இடிக்கப்பட்டன. வீட்டுச் சுவரில் தொங்கிய ஆயுதம் ஒரே அறிவிக்கையில் குற்றத்தின் சான்றாகிவிட்டது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1821இல், லெப்டினன்ட் வார்டு பழனி மலையை அளக்க ஏறினார். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் குடும்பங்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளை எழுப்பின. 1863இல் லெவிஞ்ச் ஏரியை அமைத்தார். வெள்ளையர் குடியேறிய மலைகளிலெல்லாம் வேட்டைத் துப்பாக்கியும் கூடவே ஏறியது. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. தாய்மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கிய சட்டமும் அதே ஆண்டில், அதே கையால் வந்தது என்பது இலக்கிய வாசகர்கள் நினைவில் கொள்ளத்தக்கது. பத்திரிகைச் சட்டம் 1882இல் நீக்கப்பட்டது. ஆயுதச் சட்டமோ விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நின்றது.

1895இல் தொடங்கப்பட்ட செண்பகனூர் சேசு சபைக் கல்லூரியின் அருங்காட்சியகத்தில் பாடம் செய்யப்பட்ட விலங்குகளை இன்றும் பார்க்கலாம். உயிருள்ளவை போலவே நிற்கின்றன. அவையும் ஒருவகை மாதிரிகளே. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இன்று வயலில் காட்டுமாடும் பன்றியும் இறங்கினால் உழவர் பட்டாசு வெடிப்பார், தகரம் தட்டுவார். நாட்டுத் துப்பாக்கி ஒன்று வீட்டில் அகப்பட்டால் சிறைதான். இந்தச் சூழலில் தோளில் துப்பாக்கியுடன் நடக்கும் அயலூர்ப் பையனை மலைமக்கள் என்னவென்று நினைப்பார்கள்? வேட்டைக்காரன் என்றா, காவலர் என்றா? இரண்டுமே அவர்களுக்கு நல்ல நினைவுகளைத் தரும் உருவங்கள் அல்ல.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் காற்றுத் துப்பாக்கிகளுக்கு விசையையும் குழல் விட்டத்தையும் கொண்டு வரம்பு வகுக்கின்றன. துப்பாக்கியின் மாதிரிகளையும் பெயர் சுட்டிக் குறிப்பிடுகின்றன. வாங்க விரும்புவோர் விதிகளைப் படித்துவிட்டு வாங்குவது நலம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பொருளைச் சொந்தமாக்கிக்கொள்வது எளிது. அதன் உருவம் பிறர் மனத்தில் எழுப்பும் நினைவுகளைச் சொந்தமாக்கிக்கொள்வது எளிதன்று. இவ்விளையாட்டை நாம் வெறுக்கவில்லை. குறி பார்க்கும் நிதானம், மூச்சை அடக்கும் பயிற்சி இவையெல்லாம் நல்லவையே. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் வேலியிட்ட இடமும் இருந்தால் அதில் குறையொன்றும் இல்லை. பொதுவழியில் அதைத் தோளில் மாட்டி நடப்பதுதான் குறை.

அன்று மாலை பையன் துப்பாக்கியை உறையில் இட்டு மூடினான். கொல்லைச் சுவரருகே மட்டும் சுடுவது, வெளியே எடுத்துச் சென்றால் உறைக்குள் எடுத்துச் செல்வது என்று தந்தையும் மகனும் பேசி முடிவு செய்தார்கள். மறுநாள் நாம் பூண்டு வயல் வழியே போனபோது பெரியவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “எங்க தம்பி, உங்க பட்டாளம்?” வீட்டில் இருக்கிறது என்றோம். “இருக்கட்டும், இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் களை பறிக்கக் குனிந்தார்.