செட்டிகுளத்துச் சாப்பர்

இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 25 லட்சம் பேர் படையில் சேர்ந்தார்கள். கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. எல்லோரும் தாமாகவே போனவர்கள் என்றுதான் சரித்திரப் புத்தகங்கள் எழுதுகின்றன. "தாமாத்தான் போனோம், வயிறு பின்னாலேருந்து தள்ளுச்சு" என்பார் எங்கள் சின்னத் தாத்தா. என் தாத்தாவுக்கு நேர் இளையவர். வீட்டுக் காணி அடமானத்தில் இருந்த சமயம், 1941-இல், செட்டிகுளத்திலிருந்து திருச்சிக்கு நடந்தே போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். அன்று நாம் திருச்சிராப்பள்ளி ஜில்லா, பெரம்பலூர் தாலுகா. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-இல்தான்.

அவர் சேர்ந்தது மதராஸ் சாப்பர்ஸ். இது 1780-இல் சென்னைக் கோட்டையில் இரண்டு கம்பெனிகளோடு தொடங்கிய படை. இன்றும் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. சாப்பர் என்றால் துப்பாக்கி தூக்கிய கொத்தனார் என்று வைத்துக்கொள்ளலாம். பாலம் கட்டுவது, பாதை போடுவது, தண்ணீர் எடுப்பது, எதிரி புதைத்த கண்ணிவெடியை எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. காலாட்படை நடப்பதற்கு முன்பே இவர்கள் போயிருக்க வேண்டும். முள்கம்பி வேலியைத் தகர்க்க நீளக் குழாயில் வெடிமருந்து அடைத்துச் செருகும் 'பெங்களூர் டார்பிடோ' என்ற கருவி, 1912-இல் இந்தப் படையின் மெக்ளின்டாக் என்ற அதிகாரி செய்தது. உலகப் படைகள் பலவும் பிறகு அதை எடுத்துக்கொண்டன. இந்த வீரர்களுக்குப் படை முழுவதும் ஒரே செல்லப் பெயர், 'தம்பி'. தமிழனோ தெலுங்கனோ மலையாளியோ, எல்லோரும் தம்பிதான்.

சின்னத் தாத்தா நான்காவது இந்திய டிவிஷனோடு எகிப்து, துனிசியா, இத்தாலி, கிரீஸ் எல்லாம் போய் 1946-இல் திரும்பினார். இத்தாலியில் காசினோ மலைச் சண்டையைப் பற்றிக் கேட்டால் அதிகம் பேசமாட்டார். பனியும் சேறும் கோவேறு கழுதையும் என்று மூன்று சொல்லில் முடித்துவிடுவார். சமையல் கொட்டகையைப் பற்றி மட்டும் வாய் ஓயாமல் சொல்வார். எல்லாச் சாதிக்கும் ஒரே அடுப்பு, ஒரே வரிசை, ஒரே பானைத் தண்ணீர். "அங்கே குண்டுக்குச் சாதி தெரியலே, இங்கே டம்ளருக்குத் தெரியுது" என்று டீக்கடையில் சொல்லிவிட்டு வந்து, சில நாள் பங்காளிகளின் பேச்சை இழந்தவர் அவர்.

நம் பக்கத்து மண் பெரியவர்களுக்குத் தெரியும். மேலே கொஞ்சம் மண், கீழே பாறை. வெங்காயம் போட வேண்டுமென்றால் கிணறு வேண்டும். கிணறு ஆழமாக வேண்டுமென்றால் வெடி வேண்டும். ஊரில் அந்த வேலை முறையாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தமர் அடிப்பது, தோட்டா வைப்பது, திரி கொளுத்துவது எல்லாம் அவர் கண்முன்தான் நடக்கும். அவர் வைக்கும் வேலையில் கிணற்றுக்கு இறங்குகிறவர் யாராயிருந்தாலும் ஒரே குடத்தில்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். சம்மதமில்லாத காட்டுக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம். வேறு ஆள் கிடையாது என்பதால் சம்மதித்தார்கள்.

1968 என்று நினைவு. எனக்குப் பதினான்கு வயது. மலைக்கோயிலுக்குத் தெற்கே ஒரு கிணற்றில் எட்டுத் தமர் வைத்தார்கள். எல்லோரும் மேட்டுக்கு ஓடி எண்ணிக்கொண்டிருந்தோம். ஏழு சத்தம்தான் கேட்டது. காட்டுக்காரர், "ரெண்டு சேர்ந்து வெடிச்சிருக்கும் மாமா, ஆளை இறக்குங்க, கூலி வீணாப் போவுது" என்றார். சின்னத் தாத்தா பதில் சொல்லவில்லை. ஏற்றக்கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்தார். இரவும் அங்கேதான். சோறு நான்தான் கொண்டுபோனேன்.

அப்போதுதான் சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றிச் சொன்னார். செங்கற்பட்டு ஜில்லா கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். அதே டிவிஷன், மதராஸ் சாப்பர்ஸில் பக்கத்துக் கம்பெனி. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிக்னானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும்போது ஒரு வெடி தூண்டப்பட்டுவிட்டது. அந்த வகை வெடி சில விநாடி கழித்து மேலே துள்ளி வெடித்து, சுற்றியிருப்பவர்களைச் சல்லடையாக்கும். விலகி ஓடாமல் அதன்மேலேயே விழுந்து மூடிக்கொண்டார் சுப்பிரமணியன். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். இறந்த பிறகு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். விக்டோரியா கிராஸுக்குச் சமமான மரியாதை அது.

"அவருக்கு நாலு விநாடிதான் இருந்துச்சு. நமக்கு ராத்திரி பூரா இருக்குதே, என்ன அவசரம்?" என்றார்.

விடிந்ததும் தனியாக இறங்கினார். எட்டாவது தமர் வெடிக்காமல் அப்படியே இருந்தது. அதைத் தொடாமல், தள்ளிப் புதிதாக ஒரு தமர் அடித்து, தோட்டா வைத்து, இரண்டையும் சேர்த்துத் தகர்த்தார். அந்த முப்பது வருஷத்தில் அவர் கிணற்றில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

ஐந்து வருஷச் சேவைக்கு ஓய்வூதியம் கிடையாது. போர் முடிந்ததும் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிற்காலத்தில்தான் தமிழக அரசு இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்கள் விதவைகளுக்கும் மாத உதவித்தொகை கொடுத்தது. அவர் காலமான பிறகு சின்னப் பாட்டிக்கு அது கிடைத்தது. காரணம், தகரப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் மடியாமல் வைத்திருந்த டிஸ்சார்ஜ் புத்தகம். பக்கத்து ஊரில் அவரோடு சேர்ந்தே போய்வந்த ஒருவருக்குக் கூரை எரிந்தபோது புத்தகமும் எரிந்துபோனது. பர்மா வரை போனவர், தாம் பட்டாளத்தில் இருந்தோம் என்று நிரூபிக்க முடியாமலே போய்ச் சேர்ந்தார்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படியொரு பெட்டி இருந்தால் இறக்கிப் பாருங்கள். பதக்கம் பித்தளைக்குப் போயிருக்கலாம். புத்தகம் இருந்தால் அதில் படை எண், கம்பெனி, சேர்ந்த தேதி எல்லாம் இருக்கும். நம் ஊர்க்காரர் ஒருவர் எந்த நாட்டு ஆற்றுக்குப் பாலம் போட்டார் என்பதை அதைக்கொண்டு தேடிக் கண்டுபிடித்துவிடலாம். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரியுங்கள்.