ராகா ஜாஸ் ஸ்டைல்: ஓர் இசைத்தட்டும் அதை வாசித்தவர்களும்

ஜனரஞ்சக இசையமைப்பாளர் ஒருவர் ஜாஸ் இசைத்தட்டு வெளியிட்டால் யார் வாங்குவார்கள்? அமெரிக்காவில் இதற்கு 1959இல் பதில் கிடைத்தது. 'பீட்டர் கன்' என்ற தொலைக்காட்சித் துப்பறியும் தொடருக்காக ஹென்றி மான்சினி அமைத்த பிக் பேண்ட் ஜாஸ் இசை, முதலாவது கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தெரிவானது. பிராங்க் சினாட்ராவின் இரண்டு இசைத்தட்டுகளும் அதே போட்டியில் இருந்தன.

நம் பக்கத்தில் இதற்கு மிக நெருங்கியது, சங்கர்–ஜெய்கிஷன் இரட்டையரின் 'ராகா ஜாஸ் ஸ்டைல்' (1968). லுணுகலையில் என் வயதுக்காரர்களிடம் இந்தப் பெயர்களைச் சொன்னால் யாரென்று கேட்பார்கள். ஆனால் இவர்களின் புகழுக்கு இலங்கைக்கும் பங்குண்டு. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைக் குறைத்தபோது, இலங்கை வானொலியின் 'பினாக்கா கீத்மாலா' வழியாகத்தான் இந்திப் பாடல்கள் இந்தியா முழுவதும் ஒலித்தன. சிறந்த இசையமைப்பாளருக்கான பிலிம்பேர் விருதை இவர்கள் 9 முறை பெற்றவர்கள்.

இந்த இசைத்தட்டில் பாடகர் இல்லை. 11 ராகங்கள், 11 உருப்படிகள். மால்கௌன்ஸ் நமக்கு இந்தோளம். கலாவதி ஏறத்தாழ வலஜி. சிவரஞ்சனிக்குப் பெயர்கூட மாறவில்லை. மான்சினியின் குழுவைப் போல் பெரியதல்ல, சிறு குழுதான். ரயீஸ் கானின் சிதார் ராகத்தைத் தொடங்க, மனோகரி சிங்கின் சாக்ஸபோனும் ஜான் பெரேராவின் டிரம்பெட்டும் பதில் சொல்கின்றன. டிரம்ஸ் லெஸ்லி கொடின்ஹோ, பியானோ லூசிலா பச்சேகோ.

இதிலுள்ள சிக்கல் எளிதில் விளங்கக்கூடியது. ஜாஸில் பின்னணிச் சுரக்கூட்டுகள் மாறிக்கொண்டே போகும். வாசிப்பவர் அவற்றைத் தொடர்ந்து கற்பனை செய்வார். ராகமோ தன் சுரங்களை விட்டு வெளியே போகாது. ஆகவே பியானோவும் பேஸும் அடக்கி வாசிக்க வேண்டும். மைல்ஸ் டேவிஸ் 1959இல் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் சுரவரிசைகளைச் சார்ந்து வாசித்த முறையும் இதற்கு அதிக தூரத்தில் இல்லை.

பம்பாய்த் திரையிசைக்குள் ஜாஸ் வந்ததில் கோவாக் கலைஞர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஹோட்டல்களில் பேண்ட் வாசித்தவர்கள் பகலில் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு வந்தார்கள். சிக் சாக்லேட் சி. ராமச்சந்திராவுடனும், செபாஸ்டியன் டிசூசா சங்கர்–ஜெய்கிஷனுடனும் பணியாற்றினார்கள். மெட்டுக்கு வாத்தியங்களைப் பிரித்து எழுதியவர்கள் அவர்கள். ஆனாலும் திரையில் பெரும்பாலும் இசையமைப்பாளரின் பெயர் மட்டுமே வந்தது.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தோட்டங்களின் நினைவு வரும். ஒரு காலத்தில் பெரட்டுக்கு ஆட்களை அழைத்தது தப்பு. காமன் கூத்தை நடத்திச் செல்வதும் அதுதான். நான் பார்த்த திருவிழா அழைப்பிதழ்களில் உபயகாரர், தலைவர், செயலாளர் எல்லோர் பெயரும் உண்டு. வாசிப்பவர்களுக்கு 'மேளதாளத்துடன்' என்ற ஒரே சொல்தான்.

ரயீஸ் கான் 2017இல் மறைந்தார். அவர் கைவிரல்கள் செய்ததை இன்றும் கேட்கலாம். வாசித்தவர் இவர் என்று பெயர் சொல்லவும் முடிகிறது. நம் தப்புக் கலைஞர்களில் மூத்தவர்கள் போய்விட்டால் அடியும் போகும், பெயரும் போகும். ஒரு கைபேசியே போதும்: அடியின் பெயர், அடித்தவர் பெயர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் சேர்த்துப் பதிவு செய்யலாம். இந்த மாசிக்கே தொடங்கலாம்.