கைப்பிடி அரிசி: நெல்லைத் திருச்சபையின் ஈகை மரபும் தாராவியும்

தென்னிந்தியக் கிறிஸ்தவர்மீது 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் மீண்டும் சுமத்தப்பட்ட பழிச்சொல் 'அரிசிக் கிறிஸ்தவர்' என்பது. 1876–78 பெரும்பஞ்சத்தின்போது திருநெல்வேலிப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் திருச்சபையை நாடியபோது அப்பழி மேலும் உரத்து ஒலித்தது. பெறுவதற்காகவே வந்தவர்கள் என்பதே அதன் சாரம். அச்சமூகம் அதே அரிசியைக் கொண்டே அப்பழிக்கு விடையளித்தது என்பது நம் வரலாற்று நூல்களில் போதிய கவனம் பெறவில்லை.

அந்த விடையின் பெயர் கைப்பிடி அரிசிக் காணிக்கை. உலையில் இட அரிசியை அளக்கும் பெண், அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் சேர்த்து வைப்பாள். சேர்ந்த அரிசி ஆலயத்திற்குச் செல்லும்; அதை விற்று வரும் பணம் சபைப் பணிகளுக்குப் பயன்படும். இம்முறையில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கன. முதலாவது, உண்டு மிஞ்சியதைக் கொடுப்பதன்று இது. உண்பதற்கு முன்பே எடுத்து வைப்பது. இரண்டாவது, காசு ஆண்களின் கையில் இருந்த குடும்பங்களில் அரிசிப் பானை பெண்களின் பொறுப்பில் இருந்தது. ஆகவே எவரிடமும் கேளாமல் ஒரு பெண் தானே கொடுக்கக்கூடிய காணிக்கையாக அது அமைந்தது. மிசோரத்துத் திருச்சபையும் இத்தகைய முறையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைக்கொண்டு இன்றுவரை பேணி வருகிறது.

இம்மரபு முழுவதும் மகிழ்ச்சியால் மட்டுமே விளைந்தது என்று கூறிவிட இயலாது. சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளர் ஹென்றி வென், சுதேச சபைகள் தம் செலவைத் தாமே தாங்க வேண்டும் என்ற கொள்கையை இலண்டனிலிருந்து வலியுறுத்தி வந்தார். சங்கத்தின் செலவைக் குறைக்கும் நோக்கும் அக்கொள்கையில் கலந்திருந்தது. கடமையாக விதிக்கப்பட்ட ஒன்று எவ்வாறு உவகையாக மாறியது என்பதே ஆய்வுக்குரிய வினா.

அதற்கான விடையை வே. சா. அசரியாவின் வாழ்வில் காணலாம். 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்த அவர், 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் சொந்தப் பணத்தில் கடல்கடந்து ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். மறு ஆண்டே, 1903 பிப்ரவரி 12இல், பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல், நிஜாம் ஆட்சிப்பகுதியிலிருந்த தோர்ணக்கலுக்கு அச்சங்கம் ஊழியரை அனுப்பியது. 1909இல் அசரியாவே அங்குச் சென்றார். 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவருடைய மறைமாவட்டத்தார் பெரும்பாலும் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த ஏழை உழைப்பாளிகள். அவர்களிடமும் தானியமாகவும் கோழியாகவும் காணிக்கை கேட்பதற்கு அசரியா தயங்கவில்லை. கொடுக்கும் உரிமையை ஏழைக்கு மறுப்பது அவனை என்றும் இரவலனாகவே வைத்திருப்பதாகும் என்பதே அந்நடைமுறையில் பொதிந்திருந்த கருத்து.

இக்கருத்தின் வேர் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் உள்ளது. எருசலேமின் ஏழைகளுக்காகப் பொருள் திரட்டிய பவுல், அதற்கு முன்மாதிரியாகச் செல்வர்களைக் காட்டவில்லை. கொடிய வறுமையிலும் தாமாகவே முன்வந்து கொடுத்த மக்கெதோனியரைக் காட்டினார். மனமகிழ்ந்து கொடுப்பவரைக் குறிக்க அவர் ஆண்ட 'ஹிலரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லே ஆங்கிலத்தில் களிப்பைக் குறிக்கும் சொல்லொன்றுக்கும் மூலமானது. கொடுத்து மகிழும் இன்பத்தை வள்ளுவரும் ஈகை அதிகாரத்தில் போற்றுகிறார். எனினும், அங்கு வறியவர் பெறுபவராகவே நிற்கிறார். பவுலிடமோ வறியவரே கொடுப்பவராகிறார். நெல்லைச் சிற்றூர்ப் பெண்ணின் கலயத்தில் இவ்விரு மரபுகளும் சந்தித்தன.

தோல் பதனிடும் தொழிலுக்காகவும் பிற கூலிவேலைகளுக்காகவும் தாராவிக்குக் குடிபெயர்ந்த நெல்லைத் தமிழர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். ஊரின் ஈகை வழக்கங்களும் அவர்களுடன் பயணம் செய்தன. வயலே இல்லாத மும்பையிலும் தமிழ்ச் சபைகள் அறுப்பின் பண்டிகை கொண்டாடுகின்றன. கடையில் வாங்கிய தேங்காயும் வாழைத்தாரும் காணிக்கையாகப் படைக்கப்பட்டு ஏலம் விடப்படுகின்றன. சந்தை விலையைவிடப் பன்மடங்கு கொடுத்து அவற்றை எடுப்பவர் முகத்தில் நட்டத்தின் சுவடு தெரிவதில்லை. நாட்கூலிக்கு வந்தவர் ஒருநாள் வள்ளலாக நிற்கும் களம் அது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் எனத் தமிழர் வாழ்வு பரவி, வருவாய் வேறுபாடும் பெருகிய காலத்தில், அதே ஏலம் செல்வாக்கைக் காட்டும் மேடையாகிவிடும் இடரும் உண்டு. இரண்டு சிறு காசுகளை இட்ட கைம்பெண்ணை இயேசு பாராட்டிய நிகழ்வு அந்த இடரையே சுட்டுகிறது.

ஆலயச் சுவர்க் கல்வெட்டுகளில் பெருங்கொடையாளர் பெயர்கள் உள்ளன. பிடி அரிசி இட்ட பெண்களின் பெயர்கள் எங்கும் இல்லை. கணக்கேடுகளில் 'அரிசி விற்ற வகையில்' என்று விழும் ஒற்றை வரியே அவர்களின் ஆவணம். தென்னிந்தியத் திருச்சபையின் பொருளியல் வரலாறு எழுதப்படும்போது, அந்த ஒற்றை வரியிலிருந்து தொடங்குவதே நேர்மையான தொடக்கமாக அமையும்.