மனமா, மணமா?

'மனம்' என்று படித்துக்கொண்டே போகிறோம். ரெண்டு வரி தாண்டிய பிறகு அர்த்தம் இடிக்கிறது. திரும்பி வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், 'மணம்'! ரெண்டு சுழியா மூணு சுழியா என்பதில் வார்த்தையே மாறிவிடுகிறது. கண்ணாடியை மாத்தணுமோ என்று யோசிப்போம். அதற்கு முன்னால் திரையைக் கொஞ்சம் விசாரிக்கலாம்.

ஆரம்பக் கணினிகளில் ஒவ்வோர் அளவுக்கும் எழுத்தைப் புள்ளி புள்ளியாக அடுக்கி வைத்திருந்தார்கள். 1991-இல் ஆப்பிள் ட்ரூடைப்பைக் கொண்டுவந்தது. மறுவருஷம் விண்டோஸ் 3.1-இலும் அது வந்தது. எழுத்து இப்போது கோடுகளால் ஆன வரைபடம். எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். சிறிதாக்கும்போதுதான் வம்பு. கோட்டின் கனம் ஒன்றரைப் பிக்சல் என்று கணக்கு வந்தால், ஒன்றாக்குவதா இரண்டாக்குவதா? அதற்கான கட்டளைகளை எழுத்துருவுக்குள்ளேயே எழுதினார்கள். 'ஹின்டிங்' என்று பெயர். பொறுமையைச் சோதிக்கிற வேலை.

1996-இல் வந்த வெர்டானாவை மாத்யூ கார்ட்டர் வடிவமைத்தார்; ஹின்டிங் செய்தவர் டாம் ரிக்னர். ஆங்கிலப் பெரிய ஐ, சின்ன எல், எண் 1 மூன்றும் ஒன்றோடொன்று குழம்பாதபடி அதில் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பார்கள். நம்ம மனம்–மணம் சிக்கலின் ரோமன் வடிவம்தான் அது.

1998 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் க்ளியர்டைப்பை அறிவித்தது. எல்சிடி திரையில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் மூன்று பட்டைகள். அவற்றைத் தனித்தனியாக ஏற்றி இறக்கினால், கிடைவாக்கில் மும்மடங்கு நுணுக்கம் கிடைக்கும். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியில் இந்த வசதி இருந்தது, ஆனால் நாமாகப் போய் இயக்க வேண்டும். விஸ்டாவில்தான் தானாகவே இயங்கியது.

கிடைவாக்கில் மட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். நெட்டுக்கோடுகள் நிறைந்த ரோமன் எழுத்துக்கு அது பெரிய லாபம். தமிழ் எழுத்தோ மேலும் கீழும் வளைகிறது. ழ-வின் அடிவளைவும் ண-வின் சுழி உச்சிகளும் படிக்கட்டாகவே நின்றன. மேல்-கீழ் வாக்கிலும் மழமழப்பாக்கும் டைரக்ட்ரைட் 2009-இல் விண்டோஸ் 7-ஓடு வந்தது. பழைய முறையிலேயே எழுதப்பட்ட மென்பொருள்களுக்கு அதனால் பலனில்லை. ஒரே கணினியில் ஒரு ஜன்னலில் வழவழவென்றும் இன்னொன்றில் கரடுமுரடாகவும் தமிழ் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

ஆப்பிள் 2018-இல் மொஹாவி பதிப்போடு வண்ணப் பட்டை உத்தியைக் கைவிட்டு, சாம்பல் நிற மழுப்பலோடு நிறுத்திக்கொண்டது. பிக்சல் நெருக்கமான புதுத் திரைகளில் அது போதும். பழைய திரையை வைத்திருப்பவருக்கு எழுத்து மங்கித் தெரியும்.

சரி, என்ன செய்வது? முதலில் தெளிவுத்திறன் திரையின் இயல்பான அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறெதுவும் எடுபடாது. பிறகு விண்டோஸிலேயே இருக்கும் க்ளியர்டைப் சீரமைப்பை ஓட்டி, கண்ணுக்குப் பிடித்த மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். திரையை நெட்டுக்குத்தாகத் திருப்பியிருந்தால் பட்டைகளும் திரும்பிவிடும். எழுத்தோரத்தில் வண்ணம் கசியும். அப்போது அந்த உத்தியை அணைத்துவிடுவதே நல்லது.

கடைசியில், வழக்கமாகப் படிக்கும் அளவில் 'மனம் மணம்' என்று தட்டிச் சுழிகளை எண்ணிப் பாருங்கள். எண்ண முடியவில்லையா? எழுத்தை ஒரு படி பெரிதாக்குங்கள். அதிலும் கலங்கலாகத் தெரிந்தால்தான் கண்ணாடிக்காரரிடம் போக வேண்டும்.