சென்று சேராத கடிதம்

1938-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13-ஆம் நாள். பெர்லினிலிருந்து வந்த பயணிகளோடு ஹாலந்து எல்லையை நெருங்குகிறது ஒரு இரயில் வண்டி. அதிலே 59 வயது மாது ஒருவர்; துணைக்கு டச்சு நாட்டுப் பேராசிரியர் டிர்க் கோஸ்டர். அம்மையாரின் பணப்பையிலே இருப்பது பத்தே மார்க்கு. கூடவே ஒரு வைர மோதிரம். எல்லைக் காவலர் மறித்தால் கைக்கூலியாகக் கொடுக்கட்டும் என்று, நண்பர் ஆட்டோ ஹான் தம் தாயாரின் மோதிரத்தைக் கழற்றித் தந்திருந்தார். அம்மையாரிடம் இருந்த ஆஸ்திரிய நாட்டுக் கடவுச்சீட்டு செல்லாச்சீட்டு; ஏனெனில் ஆஸ்திரியா என்ற நாட்டையே நான்கு திங்களுக்கு முன் ஹிட்லர் விழுங்கிவிட்டான். வண்டி எல்லையைக் கடந்தது. மோதிரத்துக்கு வேலை ஏற்படவில்லை.

அந்த அம்மையார்தான் லீசே மைட்னர். பெர்லினிலே அவர் விட்டு வந்தவை: முப்பத்தோராண்டு உழைப்பு, தம் கையால் வளர்த்த பௌதிக ஆய்வுப் பகுதி, நூல்கள், வீடு, ஓய்வூதியம். விடாமல் உடன் கொண்டு சென்றது கடிதம் எழுதும் பழக்கம். அது மட்டும் இல்லாதிருந்தால், அணுவின் கருவைப் பிளந்த வரலாற்றிலே, "துணைக்கு நின்ற ஒரு பெண்மணி" என்பதற்கு மேல் அவருக்கு இடம் கிடைத்திருக்குமா? ஐயமே!

நம் வீடுகளிலே, வந்த கடிதங்களை வளைந்த கம்பியொன்றில் குத்திச் சுவரோரம் தொங்கவிட்ட காலம் ஒன்று உண்டு. கம்பி நிறைந்தால் மூட்டை. மூட்டை பெருத்தால் எடைக்கு எடை! மைட்னர் அம்மையார் அப்படிச் செய்யவில்லை. வந்தவற்றைக் காத்தார், தாம் எழுதியவற்றிலும் சிலவற்றின் படியைக் காத்தார். போர்க்காலத்திலும் போருக்குப் பின்னரும் எழுதப்பட்ட அந்தக் கடிதக் கட்டுகள், இன்று கேம்பிரிட்ஜ் நகரத்துச் சர்ச்சில் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குசலம் விசாரிக்கும் வரியும், கருப்பௌதிகக் கணக்கும், கண்ணீரும் ஒரே தாளிலே கலந்து கிடக்கும் கடிதங்கள் அவை.

அவர் வியன்னாவில் 1878-இல் பிறந்தவர். பெண்பிள்ளைக்குப் பதினான்கு வயதோடு பள்ளி முடிந்தது என்று கதவடைத்த நாடு அது. 1897-இல்தான் பல்கலைக்கழகத்தின் கதவு பெண்களுக்குச் சற்றே திறந்தது. விட்டுப்போன படிப்பை விரைந்து முடித்து, 1906-இல் டாக்டர் பட்டம் பெற்று, மறு ஆண்டு பெர்லினுக்கு வந்தார். அங்கே இரசாயன நிலையத்துக்குள் பெண் நுழையலாகாது! "கீழ்த்தளத்திலே பழைய தச்சுப்பட்டறை ஒன்று இருக்கிறது, தனி வாயிலும் உண்டு, அங்கே வேண்டுமானால் வேலை செய்யலாம், மாடிப்படி ஏறக்கூடாது" என்ற ஏற்பாட்டில் இடம் கிடைத்தது. ஒதுங்குவதற்குப் பக்கத்து உணவு விடுதிக்குத்தான் போக வேண்டும். ஊதியம்? 1912 வரை ஒரு காசும் கிடையாது. தந்தை அனுப்பிய பணத்தில் காலம் கழிந்தது. அந்தத் தச்சுப்பட்டறையில்தான் இரசாயன அறிஞர் ஹானும் பௌதிக அறிஞர் மைட்னரும் கூட்டாக உழைக்கத் தொடங்கினர். 1922-இல் அவர் விரிவுரையாளர் தகுதி பெற்று, அண்டவெளி நிகழ்ச்சிகளைக் குறித்து முதற்பேருரை ஆற்றியபோது, செய்தியாளர் ஒருவருக்கு "காஸ்மிக்" என்பது "காஸ்மெடிக்" என்று காதில் விழுந்தது போலும். முகப்பூச்சுப் பௌதிகம் பற்றிப் பேசினார் என்று ஏடு எழுதியது. பெண் பேசினால் வேறு எதைப் பேசுவாள் என்ற நினைப்பு!

அவர் பிறப்பால் யூதர். 1908-லேயே கிறித்தவம் தழுவியவர். அதனால் என்ன? ஹிட்லரின் சட்டம் பார்த்தது பாட்டன் பாட்டியின் பிறப்பை. 1933-இல் கற்பிக்கும் உரிமை பறிக்கப்பட்டது. ஆஸ்திரியக் குடிமகள் என்ற ஒரே கேடயம் 1938 வரை ஆய்வுக்கூடத்திலாவது விட்டுவைத்தது. 1933-லேயே வெளியேறாமல் இருந்தது பெருந்தவறு, தங்கியிருந்ததனாலேயே ஹிட்லர் ஆட்சிக்குத் துணைபோனவளானேன் என்று பின்னாளில் ஒரு கடிதத்திலே தம்மைத் தாமே குற்றக்கூண்டில் ஏற்றிக்கொண்டார். அடுத்தவரைக் கடிந்து எழுதிய கடிதத்தைப் பிறகு பார்க்கப் போகிறோம். அதைப் படிக்கும்போது இதையும் நினைவிலே வைத்திருக்க வேண்டுகிறோம்.

ஸ்டாக்ஹோமிலே அவருக்கு ஓர் அறை கிடைத்தது. கருவியும் இல்லை, உதவியாளரும் இல்லை. சாவி கொடுத்தால் ஆடும் பொம்மைபோல் இருக்கிறேன், சிரிக்கிறேன், உள்ளே உயிர் இல்லை என்ற கருத்துப்பட அந்த ஆண்டின் இலையுதிர் காலத்திலே ஹானுக்கு எழுதினார். ஆனால் தபால் ஓடிக்கொண்டிருந்தது. பெர்லினில் இன்று போட்ட கடிதம் ஓரிரு நாளில் ஸ்டாக்ஹோமுக்கு வந்துவிடும். யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கும் ஆய்வை 1934-இல் தூண்டித் தொடங்கி வைத்தவரே மைட்னர்தான். ஹானும் இளையவரான ஸ்ட்ராஸ்மனும் அதைப் பெர்லினிலே தொடர்ந்தார்கள். கூட்டு ஆய்வு முறியவில்லை. மேசையிலிருந்து தபால் உறைக்குள் இடம் மாறியது, அவ்வளவுதான்.

1938 டிசம்பர் 19. திங்கட்கிழமை இரவு, ஆய்வுக்கூடத்திலிருந்தபடியே ஹான் எழுதுகிறார். ரேடியம் என்று எண்ணிய பொருள் ரேடியம்போல் நடக்கவில்லை, பேரியம்போல் நடக்கிறது. யுரேனியம் உடைந்து பேரியம் ஆகாது என்பதை நாங்களே அறிவோம். நீ ஏதாவது வியப்பான விளக்கம் சொல்ல முடியுமா? நீ சொல்லி வெளியிட்டால், இது எப்படியும் நம் மூவரின் வேலையாகவே இருக்கும் — இதுதான் சாரம். தம் நிலையத்திலேயே பௌதிக அறிஞர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்வதற்கு முன்னால், நாடு கடத்தப்பட்டவர்போல் தொலைவிலிருந்த பெண்மணிக்கு எழுதினார்! 21-ஆம் நாளே மறுமொழி புறப்பட்டது. அவ்வளவு பெரிய உடைப்பு என்பதை ஏற்கக் கடினமாக உள்ளது. ஆயினும் கருப்பௌதிகத்தில் எத்தனையோ வியப்புகளைக் கண்டுவிட்டோம், நடக்கவே நடக்காது என்று எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்றார் மைட்னர்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஸ்வீடனின் மேற்குக் கரைப் பக்கத்துச் சிற்றூரான குங்கெல்வுக்கு அவர் போனார். தமக்கை மகன் ஆட்டோ ஃபிரிஷ் கோபன்ஹேகனிலிருந்து வந்திருந்தார். அவரும் பௌதிக அறிஞர். தம் ஆய்வைப் பற்றிப் பேச வந்தவரை விடாமல், முதலில் இதைப் படி என்று ஹானின் கடிதத்தை நீட்டினார் சிற்றன்னை. நம்ப மறுத்தார் ஃபிரிஷ். இருவரும் பனியிலே நடந்தார்கள். மரக்கட்டை ஒன்றின்மேல் அமர்ந்து, கிடைத்த துண்டுத்தாளிலே கணக்குப் போட்டார்கள். அணுக்கரு ஒரு நீர்த்துளி போன்றது என்று கொண்டால், அது இழுபட்டு, இடை சிறுத்து, இரண்டாகப் பிரியலாம். பிரிந்த துண்டுகள் ஒன்றையொன்று தள்ளி ஓடும் ஆற்றல் சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட். அது எங்கிருந்து வந்தது? இரு துண்டுகளின் நிறையைக் கூட்டினால், மூலக்கருவின் நிறையைவிட ஒரு புரோட்டானின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. குறைந்த நிறையை ஐன்ஸ்டைனின் கணக்கிலே போட்டால் அதே 20 கோடி! கணக்கு இரு பக்கமும் ஒத்து நின்றது. உயிரணு இரண்டாவதைக் குறிக்கும் சொல்லைக் கடன் வாங்கி இதற்குப் "பிளவு" என்று பெயரிட்டார் ஃபிரிஷ்.

ஹானும் ஸ்ட்ராஸ்மனும் எழுதிய கட்டுரை 1939 ஜனவரி 6-இல் வெளிவந்தது. மைட்னரும் ஃபிரிஷும் எழுதிய விளக்கம் பிப்ரவரி 11-இல் "நேச்சர்" ஏட்டில் வந்தது. யூதப் பெண்ணின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துப் போட ஹிட்லரின் ஜெர்மனியில் ஹானால் முடியாது. அதை நாம் உணர்கிறோம். அஞ்சியது குற்றமென்று கூற நாம் யார்? ஆனால் நடந்தது அதோடு நிற்கவில்லை. அச்சத்தால் சொன்ன பொய், அச்சம் நீங்கிய பிறகும் உண்மையாகவே உலவத் தொடங்கிற்று. பிளவு இரசாயனத்தின் வெற்றி, பௌதிகம் குறுக்கே நின்று தடுத்ததேயன்றி உதவவில்லை என்று ஹான் சொல்லத் தொடங்கினார். போருக்குப் பிறகும் அதையே சொன்னார். டிசம்பர் 19-ஆம் நாள் கடிதத்தை எழுதிய அதே கை!

போர் மூண்டது. மாக்ஸ் ஃபொன் லவே போன்ற நண்பர்கள் பெர்லினிலிருந்து விடாமல் எழுதினார்கள். தணிக்கையாளன் கண் படும் என்று அறிந்து, சொல்லாமல் சொல்லி எழுதினார்கள். 1943-இல் அணுகுண்டு வேலைக்கு அழைப்பு வந்தபோது, குண்டோடு எனக்குத் தொடர்பு வேண்டாம் என்று மைட்னர் மறுத்துவிட்டார். வறுமையும் தனிமையும் வாட்டிய நாளில் வந்த அழைப்பு அது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இனி, தலைப்பில் குறித்த கடிதம். 1945 ஜூன் 27. ஜெர்மனி வீழ்ந்துவிட்டது. பெல்சென், புக்கன்வால்ட் முகாம்களில் கண்ட காட்சிகளை ஆங்கில வானொலி சொல்லக் கேட்டு, வாய்விட்டு அழுது, இரவெல்லாம் உறங்காதிருந்தார் அம்மையார். பிறகு ஹானுக்கு எழுதினார். நீங்கள் எல்லோரும் நாஜி ஜெர்மனிக்காக உழைத்தீர்கள். வாளாவிருந்து எதிர்க்கவும் முயலவில்லை. மனச்சான்றை ஆற்றிக்கொள்ள, துன்புற்ற ஒருவருக்கு இங்கும் அங்கும் உதவினீர்கள். பல இலட்சம் அப்பாவிகள் கொல்லப்பட்டபோது எதிர்ப்புக் குரல் எழவில்லை. முதலில் நண்பர்களைக் கைவிட்டீர்கள், பிறகு உங்கள் மக்களைக் கொடும் போருக்குப் பலியிட விட்டீர்கள், இறுதியில் ஜெர்மனியையே காட்டிக்கொடுத்தீர்கள். வாளாவிருந்ததால் நீங்களும் பொறுப்பாளிகள் என்பதை வெளிப்படையாக அறிவியுங்கள். ஹைசன்பர்க்கையும் அவரைப் போன்றாரையும் அந்த முகாம்களைக் கண்ணால் பார்க்கச் செய்யவேண்டும். இவ்வளவும் எழுதிவிட்டு, நட்பினால் எழுதுகிறேன், நம்புங்கள் என்றும் சேர்த்தார். மோதிரம் கொடுத்த நண்பருக்கு இப்படி எழுதும்போது கை நடுங்கியிருக்காதா? நடுங்கியும் எழுதினார்!

கடிதம் ஓர் அமெரிக்கரிடம் கொடுக்கப்பட்டது. ஹானை அது சென்று அடையவில்லை. சில நாட்களில் ஹான் முதலான பத்து ஜெர்மன் அறிஞர்கள் கேம்பிரிட்ஜுக்கு அருகே ஃபார்ம் ஹால் என்ற மாளிகையில் காவலில் வைக்கப்பட்டார்கள். அங்கே இருக்கும்போதுதான், 1945 நவம்பரில், 1944-ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு ஹானுக்கு என்ற செய்தி வந்தது. ஹானுக்கு மட்டும்! மைட்னர் இல்லை, ஃபிரிஷ் இல்லை, ஸ்ட்ராஸ்மனும் இல்லை.

பொறாமை பொங்கியிருக்கும் என்று எண்ணுவோர், அந்த நவம்பரில் அவர் தோழி ஒருத்திக்கு எழுதிய கடிதத்தைப் பார்க்கவேண்டும். ஹான் இரசாயனப் பரிசுக்கு முற்றும் தகுதியுடையவர், அதில் ஐயமில்லை. ஆனால் யுரேனியம் பிளவதை விளக்கியதில் ஃபிரிஷும் நானும் செய்தது அற்பமன்று என்றார். அவ்வளவே. அளந்து சொன்ன சொல்.

1946 டிசம்பரில் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் வந்தார் ஹான். பேட்டிகளிலே ஜெர்மனிக்கு இழைக்கப்படும் கொடுமையைப் பேசினார்; ஜெர்மனி இழைத்ததைப் பேசவில்லை; மைட்னரைப் பற்றியும் பேசவில்லை. அடுத்த திங்கள், அமெரிக்காவிலிருந்த நண்பர் ஜேம்ஸ் ஃபிராங்குக்கு மைட்னர் எழுதினார்: ஹான் கடந்த காலத்தை அமுக்கிவிட விரும்புகிறார், அமுக்கப்பட வேண்டிய அந்தக் கடந்த காலத்தில் நானும் ஒரு பகுதி. நூறு பக்கம் எழுதியும் வரலாற்றாசிரியர் சொல்ல முடியாததை, ஒரே வரியில் சொல்லிவிட்டது அக்கடிதம். ஹான் கொடியவரல்லர், நண்பரைக் காத்தவர், நாஜிக் கட்சியில் சேராதவர். நல்லவர் ஒருவர் எவ்வளவு தூரம் மறக்க முடியும் என்பதுதான் இங்கே நம்மைத் திடுக்கிடச் செய்வது.

மறுபுறம் ஸ்ட்ராஸ்மனைப் பாருங்கள். நாஜிகள் பிடியிலிருந்த இரசாயனச் சங்கத்தில் இருக்க மறுத்து, வேலை வாய்ப்பை இழந்தவர். 1943-இல் யூதப் பெண்மணி ஒருவரைத் தம் வீட்டிலே ஒளித்து வைத்தவர். அகப்பட்டிருந்தால் குடும்பத்தோடு அழிவு. போருக்குப் பின் 1947-இல் மைட்னரை மைன்ஸ் நகரத்து நிலையத்துக்குத் திரும்பி வரும்படி அழைத்தவரும் அவரே. அம்மையார் நெகிழ்ந்தார், ஆனால் அங்கே நிலவும் மனப்போக்கிலே என்னால் மூச்சுவிட முடியாது என்று மறுத்துவிட்டார்.

1953-இல் ஜெர்மன் ஏடொன்று அவரை ஹானின் நெடுநாள் உதவியாளர் என்று குறித்தது. இருபதாண்டுக்கு மேல் தனிப் பகுதிக்குத் தலைமை தாங்கியவரை! ஹானுக்கே எழுதினார்: உங்களை மைட்னரின் நெடுநாள் உதவியாளர் என்று யாரேனும் எழுதினால் என்ன சொல்வீர்கள்? கழிந்த பதினைந்தாண்டு வாழ்வு எந்த நண்பருக்கும் வேண்டாதது. இனி என் ஆய்வு வாழ்வின் கடந்த காலத்தையும் பறிக்க வேண்டுமா?

பறிப்பு தொடர்ந்தது. பிளவு ஆய்வில் பயன்பட்ட கருவிகள் மியூனிக் நகரத்து ஜெர்மன் அருங்காட்சியகத்தில் ஒரு மேசைமேல் அடுக்கி வைக்கப்பட்டு, "ஆட்டோ ஹானின் ஆய்வு மேசை" என்ற பலகையோடு பல்லாண்டுகள் நின்றன. அவை பௌதிகக் கருவிகள்; மைட்னரின் பகுதியிலே உருவானவை. பலகையிலே அவர் பெயர் இல்லை.

1966-இல் அமெரிக்க அரசு தன் ஃபெர்மி பரிசை மூவருக்கும் சேர்த்து வழங்கிற்று. 1968-இல் ஜூலையில் ஹான் மறைந்தார்; அக்டோபரில் மைட்னர் மறைந்தார். ஐம்பதாண்டு பூட்டியிருந்த நோபல் குழுவின் ஏடுகள் 1990-களில் திறக்கப்பட்டன. பிளாங்க், போர் முதலானோர் மைட்னர் பெயரைப் பலமுறை முன்மொழிந்திருந்தது தெரிந்தது. கடிதக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து ரூத் லூயின் சைம் எழுதிய வரலாறு 1996-இல் வந்தது. 1997-இல் 109-ஆம் தனிமத்துக்கு மைட்னேரியம் என்ற பெயர் உறுதியாயிற்று. 105-ஆம் தனிமத்துக்கு ஹானின் பெயர் வேண்டும் என்றவர்களின் விருப்பம் அதே ஆண்டு தள்ளப்பட்டது. அருங்காட்சியகத்துப் பலகையும் அதற்குள் மாறிவிட்டது.

1945 ஜூன் 27-ஆம் நாளிட்ட கடிதம் ஹான் கைக்கு வரவேயில்லை. அம்மையார் வைத்திருந்த படி கேம்பிரிட்ஜில் இருக்கிறது. ஹானும் மற்றவர்களும் அந்த ஆண்டு காவலில் இருந்த மாளிகைக்குச் சிறிது தொலைவிலே.